பிரம்பைக் கீழே வைத்த பிறகு: வகுப்பிலும் வீட்டிலும் அடிக்குப் பதில் என்ன?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்ற விதி 2003-லேயே வந்துவிட்டது. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி அந்த ஆண்டு திருத்தப்பட்டு, திருத்துகிறேன் என்ற பெயரில் மாணவரின் உடலுக்கோ மனதுக்கோ வலி உண்டாக்குவது தடை செய்யப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அதையே நாடு முழுவதற்குமான சட்டமாக்கியது. ஆனாலும் 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறைகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. தடை வந்து இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும் இந்த நிலைதான்.

ஆசிரியர்களெல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்பதால் இப்படி நடக்கவில்லை. "அடிக்காதே" என்ற சுற்றறிக்கை போனது. "அதற்குப் பதில் இதைச் செய், இப்படிச் செய்" என்ற பயிற்சி அதே வேகத்தில் போகவில்லை. பிரம்பு ஒரே பொருள்தான். ஆனால் அது வகுப்பில் பல வேலைகளைச் செய்துவந்தது: சத்தத்தை அடக்குவது, வீட்டுப்பாடம் வாங்குவது, சண்டையை நிறுத்துவது, பொய்யைக் கண்டுபிடிப்பது, எதிர்த்துப் பேசுபவனை உட்கார வைப்பது. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, அதனால் மாற்றும் வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து "அன்பாகப் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனால், நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியர் மூன்றாம் நாளே ஸ்கேலைத் தேடுவார்.

அடி பலன் தருவதுபோல் தெரிவது ஏன்?

வகுப்பு இரைகிறது. ஆசிரியர் ஒருவன் முதுகில் ஒன்று வைக்கிறார். அந்த நொடியே அமைதி. இதில் பாடம் கற்றுக்கொண்டது யார் என்று பார்க்க வேண்டும். தலைவலி உடனே நின்றதால், "அடித்தால் நிற்கும்" என்று ஆசிரியரின் மூளைதான் கற்றுக்கொள்கிறது. அடி வாங்கியவன் கற்றுக்கொள்வது "சார் பார்க்கும்போது பேசக் கூடாது" என்பதை. அடுத்த பீரியடில் வேறு ஆசிரியர் வந்ததும் அவன் பேசுவான். முதல் ஆசிரியருக்கு அது தெரியாது. அவர் கண்ணில் பட்டதெல்லாம் அந்த உடனடி அமைதிதான். அதனால் அடுத்த முறை கை இன்னும் சீக்கிரம் ஓங்கும். நாளடைவில் பிள்ளைகளுக்கும் அடி பழகிப்போகும். அதே அமைதி வேண்டுமென்றால் அடி பலமாக விழ வேண்டும். "லேசா ஒரு தட்டு" என்று தொடங்குவது காது கிழிவதில் போய் முடிவது இப்படித்தான். கன்னத்தில் அறையும்போது கை காதில் பட்டு, காதுக்குள் காற்றழுத்தம் சட்டென்று ஏறினால் செவிப்பறை கிழியக்கூடும். இலங்கையில் ஆசிரியர் அடித்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11-ஆவது உறுப்புரையை மீறிய செயல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது.

"கொடுமைப்படுத்துவது வேறு, கண்டிப்புக்கு நாலு தட்டு தட்டுவது வேறு" என்பார்கள். ஆய்வாளர்களும் இதே கேள்வியை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லரும் 2016-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வெறுங்கையால் பின்புறத்திலோ கைகாலிலோ அடிப்பதை மட்டும் தனியே பிரித்து எடுத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டு ஆய்வுகள், ஏறத்தாழ 1,60,000 குழந்தைகள். ஆராய்ந்த 17 விளைவுகளில் 13-இல், அடி வாங்குவதற்கும் கெட்ட விளைவுக்கும் தொடர்பு தெரிந்தது. "சேட்டைக்காரப் பிள்ளை என்பதால்தானே அடி வாங்குகிறான்" என்ற நியாயமான சந்தேகத்துக்கு 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு பதில் சொல்கிறது. பிள்ளைகளைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்த 69 ஆய்வுகளை அது அலசியது. அடியால் நடத்தை மேம்படவில்லை. நடத்தைச் சிக்கல்கள் நாளாக நாளாகக் கூடின. "நாங்க அடி வாங்கித்தானே நல்லா வந்தோம்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அடி வாங்கியும் நன்றாக வந்தவர்கள் ஏராளம். அவர்களை நிமிர்த்தியது அடியா, அடியோடு கூடவே வீட்டில் கிடைத்த பாசமும் அக்கறையுமா என்பதை ஒருவர் தன் வாழ்க்கையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

சத்தம்: முதலில் தீர்க்க வேண்டியது

வகுப்பறை அடிகளில் பெரும்பகுதி சத்தத்துக்காக விழுபவை. சத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. அது கூடும் நேரங்கள் தெரிந்தவையே: பிரேயர் முடிந்து உள்ளே வரும்போது, பீரியட் மாறும்போது, நோட்டு வசூலிக்கும்போது, தண்ணீருக்கும் கழிவறைக்கும் போகும்போது, சாப்பாட்டு மணிக்கு முந்தைய ஐந்து நிமிடம், கடைசி பெல்லுக்கு முன். இந்த ஆறையும் ஒழுங்குபடுத்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். "அமைதியா வாங்க" என்று சொன்னால் போதாது. கூட்டல் கணக்கைப் போல இதையும் பாடமாகவே நடத்த வேண்டும். பையை எங்கே வைப்பது, எந்த நோட்டை மேஜையில் எடுத்து வைப்பது, கரும்பலகையில் உள்ள எந்தக் கேள்வியை எழுதத் தொடங்குவது என்று சொல்லி, இரண்டு பிள்ளைகளைச் செய்துகாட்டச் சொல்லி, பிறகு மொத்த வகுப்பையும் வெளியே அனுப்பித் திரும்ப வரவைக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம், தினம் பத்து நிமிடம் இதற்குச் செலவாகும். பாடம் பின்தங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம்; அந்த நேரம் ஜூலைக்குள் திரும்பக் கிடைத்துவிடும். காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்து வரும்போது எல்லாம் மறந்துபோயிருக்கும், அப்போது மூன்று நாள் மறுபடி பயிற்சி. இந்த மறுபயிற்சியை விட்டுவிட்டு "ஜூன்ல நல்லா இருந்த கிளாஸ் இப்ப கெட்டுப்போச்சு" என்று நொந்துகொள்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து, அமைதிக்கு ஒரு சைகை. ஆசிரியர் கையை உயர்த்துவார். பார்த்த பிள்ளை பேச்சை நிறுத்தித் தானும் கையை உயர்த்தும். பேசாத சைகை என்பதால் தொண்டையும் தப்பும். இது கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான். நாற்பது பேர் அமைதியாகி ஐந்து பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் பொறுமையிழந்து பாடத்தைத் தொடங்கிவிடுவார். அன்றோடு அந்தச் சைகைக்கு மதிப்பில்லை. கடைசிப் பிள்ளை நிறுத்தும்வரை கையை இறக்காமல் நிற்க வேண்டும். முதல் சில நாள் அது ஒரு முழு நிமிடம் பிடிக்கலாம்.

விதிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். "ஓடாதே" என்பதைவிட "வராண்டாவில் நடந்து போவோம்" என்பது சின்னப் பிள்ளைக்குத் தெளிவு. "சும்மா இரு" என்று சொன்னால் எப்படி இருப்பதென்று பிள்ளைக்குத் தெரியாது. "42-ஆம் பக்கம் எடு, முதல் கணக்கை எழுது" என்றால் தெரியும்.

விதியை மீறிய பிள்ளையிடம் என்ன பேசுவது என்பதைவிட எங்கே நின்று பேசுவது என்பது முக்கியம். கரும்பலகை அருகிலிருந்து "டேய், கடைசி பெஞ்ச்!" என்று கத்தினால் நாற்பது தலை திரும்பும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அந்த நாற்பது பேர் முன்னால் மானம் போகக் கூடாது; அதனால் அவன் பதில் பேசியே தீருவான். அந்தப் பதில்தான் பிறகு "திமிர்" என்று பெயர் வாங்கி அடியில் முடிகிறது. பாடத்தை நிறுத்தாமல் அவன் பக்கம் நடந்து போங்கள். பெரும்பாலும் பக்கத்தில் போய் நின்றாலே பேச்சு அடங்கும். அடங்காவிட்டால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி இரண்டே வாக்கியம்: "இப்ப மூணாவது கேள்வி எழுதணும். நான் அந்தப் பக்கம் போயிட்டு வந்து பார்க்கிறேன்." சொன்னதும் நகர்ந்துவிட வேண்டும். கீழ்ப்படிகிறானா என்று அங்கேயே நின்று முறைத்தால் அது மல்யுத்தமாகிவிடும். நகர்ந்து போனால், தோற்ற மாதிரி தெரியாமல் பேனாவை எடுக்க அவனுக்கு ஒரு பத்து நொடி கிடைக்கும். இதற்காகவே பெஞ்சுகளுக்கு நடுவில் கடைசி வரிசை வரை ஆசிரியர் போய்வர ஒரு வழி விட்டு வைக்க வேண்டும். இடநெருக்கடியில் முதலில் காணாமல்போவது அந்த வழிதான்.

பாராட்டு என்றதும் "வெரி குட்" சொல்லி முடித்துக்கொள்கிறோம். எதற்கு வெரி குட் என்று பிள்ளைக்குப் புரியாவிட்டால் அது வீண். "சொன்னதும் நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டே, அது எனக்குப் பிடிச்சிருந்தது" என்று நடந்த செயலைச் சொல்ல வேண்டும், செயல் நடந்த சில நொடிக்குள். ஒரு திருத்தலுக்கு நான்கு பாராட்டு என்ற அளவைக் குறியாக வைத்துக்கொள்ளலாம். பெரிய வகுப்புப் பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் புகழ்ந்தால் அதுவே கேலிக்கு வழியாகும். அவர்களுக்கு நோட்டில் ஒரு வரி எழுதிக் கொடுப்பது நல்லது.

ஆரம்ப வகுப்புகளுக்கு ஒரு நல்ல கருவி உண்டு. 1969-இல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் செய்த ஆய்வில் வெளிவந்தது. பிறகு பல நாடுகளில் சோதிக்கப்பட்டது. வகுப்பை மூன்று அல்லது நான்கு அணியாகப் பிரிக்க வேண்டும். அமைதியான, முரட்டுத்தனமான பிள்ளைகள் எல்லா அணியிலும் கலந்திருக்கட்டும். ஒரு நாளில் பத்து நிமிடம் மட்டும் "இப்போது விளையாட்டு" என்று அறிவித்து, அந்த நேரத்தில் யாராவது விதியை மீறினால், கோபமில்லாத குரலில் அதைச் சொல்லி அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு போட வேண்டும். முடிவில் நான்கு கோட்டுக்கு மிகாத அணிகள் எல்லாமே வெற்றி. ஓர் அணிதான் ஜெயிக்க வேண்டும் என்று வைக்கக் கூடாது, அது இன்னொரு சண்டைக்கு வித்து. பரிசுக்குக் காசு வேண்டாம்: ஐந்து நிமிட விடுகதை, ஒரு பாட்டு, முதலில் வரிசையில் நிற்கும் உரிமை. வாரம் மூன்று நாளில் தொடங்கி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இதில் வரும் கோளாறு, ஒரு பிள்ளை வேண்டுமென்றே கோடு வாங்கித் தன் அணியைக் கவிழ்ப்பது. அப்போது அணிப் பிள்ளைகள் அவன்மேல் பாய விடக் கூடாது. அவனை மட்டும் சில நாள் ஓர் ஆள் அணியாக்கிவிட வேண்டும். பால்டிமோர் நகரில் முதல் வகுப்பில் இதை ஆடிய பிள்ளைகளை இளைஞராகும்வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில், சின்ன வயதில் முரட்டுத்தனம் அதிகமிருந்த ஆண்பிள்ளைகளிடம் பிற்காலப் போதைப் பழக்கம் குறைந்திருந்தது.

வீட்டுப்பாடம்

எழுதாமல் வருவதற்குக் காரணம் மூன்றில் ஒன்று: தெரியாது, வாய்ப்பில்லை, மனசில்லை. பிரம்பு மூன்றையும் மூன்றாவதாகவே எடுத்துக்கொள்ளும். முதலில், பிள்ளையை மேஜைக்கு அருகில் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பாடத்தில் இரண்டு வரி வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டித் தடுமாறினால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. வாசிக்கத் தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இருபது கேள்வி-பதில் எழுதச் சொன்னால், பக்கத்து வீட்டு அக்கா நோட்டைப் பார்த்து எழுதும், அல்லது எழுதாமல் அடி வாங்கும். அதற்கு வேண்டியது அதன் நிலைக்கேற்ற மூன்று வரிப் பயிற்சி. வாய்ப்பில்லாத பிள்ளை என்றால் மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்வது, கடைக்குப் போவது, ஒரே அறையில் டிவி ஓடுவது என்று ஏதாவது இருக்கும். அதற்குக் காலையில் பத்து நிமிடம் முன்னதாக வந்து வகுப்பில் எழுத இடம் கொடுத்தாலே போதும்.

மனசில்லாத பிள்ளைக்கும் வழி உண்டு. பீரியடின் கடைசி ஆறேழு நிமிடத்தை ஒதுக்கி வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே தொடங்க வைத்தால், முதல் கணக்கைப் போட்டுவிட்ட பிள்ளை வீட்டில் மிச்சத்தைப் போடும் வாய்ப்பு அதிகம், தொடங்குவதுதான் கஷ்டம். பதினைந்து கணக்குக்குப் பதில் ஐந்து கொடுத்து ஐந்தையும் திருத்திக் கொடுப்பது மேல். திருத்தப்படாத வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நூறு தடவை இம்போசிஷன் எழுத வைப்பது அடியில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எழுதுவதையே தண்டனையாக்கிவிட்டு அடுத்த நாள் கட்டுரை எழுது என்றால் பிள்ளைக்கு எங்கிருந்து ஆசை வரும்?

சண்டையும் பொய்யும்

அடித்துக்கொண்ட இருவரைப் பிரித்ததும் "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்பதுதான் வழக்கம். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வராது. இருவருக்கும் மூச்சு இன்னும் அடங்கவில்லை, பேச்சு ஏறாது. வேறு வேறு இடத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, குறைந்தது இருபது நிமிடம் விட வேண்டும். பிறகு ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் மூன்று கேள்வி: என்ன நடந்தது, யாருக்கு என்ன கஷ்டம் வந்தது, இப்போது அதைச் சரிசெய்ய நீ என்ன செய்வாய். கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. கிழித்த நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுப்பது, விழுந்தவனின் பையைத் தூக்கி வருவது என்று செய்யக்கூடிய ஒன்று வர வேண்டும். "சாரி சொல்லு" என்று கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்த சாரி, வாசலைத் தாண்டியதும் "வெளிய வா, பார்த்துக்கிறேன்" ஆகிவிடும். ஒருவன் தொடர்ந்து பலவீனமானவனைத் துன்புறுத்துகிறான் என்றால் இந்த நேருக்கு நேர் முறை கூடாது. துன்பப்பட்டவனை மறுபடி அவன் முன் உட்கார வைப்பது இன்னொரு தண்டனை. அங்கே தனித்தனியாகப் பேசி, இடைவேளையில் பெரியவர் கண்காணிப்பு போட வேண்டும்.

பொய்க்கு அடி மருந்தல்ல, உரம். விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் பிரம்படி வழக்கம், மற்றதில் இல்லை. பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்காமல் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "பார்த்தாயா?" என்று கேட்டபோது, பிரம்படிப் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள். அடுத்த கேள்விகளிலும் மாட்டிக்கொள்ளாமல் அதைக் காப்பாற்றியவர்களும் அவர்களே. எனவே, விடை தெரிந்த கேள்வியைக் கேட்டு மாட்ட வைக்காதீர்கள். "பென்சிலை எடுத்தியா?" என்று கேட்டால் பொய்க்கு நீங்களே கதவைத் திறக்கிறீர்கள். "இந்தப் பென்சில் மலரோடது. சாயங்காலத்துக்குள்ள அவகிட்டக் குடுத்துடு" என்று தனியாகச் சொன்னால் வேலை முடிந்தது. உண்மையை ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு விளைவு குறைவாக இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டதும் கூடுதலாக அடி விழும் வீட்டில் உண்மை பேசுவது முட்டாள்தனம் என்று பிள்ளை சரியாகவே கணக்குப் போடும்.

வீட்டில்

வீட்டு அடிக்கு நேரம் உண்டு: மாலை ஏழிலிருந்து ஒன்பது. எல்லோரும் களைத்திருப்பார்கள், பசி, வீட்டுப்பாடம், மறுநாள் பள்ளி. அந்த இரண்டு மணி நேரத்தின் வரிசையை மாற்றினாலே பாதி குறையும். முதலில் ஏதாவது சாப்பிட்டு, பிறகு எழுத்து வேலை, அது முடிந்ததும் டிவி. "எழுதினாத்தான் டிவி" என்ற மிரட்டலைவிட "எழுதி முடிச்சதும் டிவி" என்ற சாதாரணக் குரல் நன்றாக வேலை செய்யும். செல்போனைப் பிள்ளை கையிலிருந்து பிடுங்கினால் யுத்தம்தான். ஐந்து நிமிடம் முன்பே சொல்லி, ஓடும் வீடியோ முடிந்ததும் பிள்ளையே அணைத்துக் கையில் கொடுக்கட்டும்.

கடையில் விழுந்து புரண்டு அழும் மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டது கிடைக்காதபோது அழுகை குறைவதற்கு முன் ஒரு கட்டத்தில் உச்சத்துக்கு ஏறும். பெற்றோர் பொருளை வாங்கிக் கொடுப்பதும் அந்த உச்சத்தில்தான், கை ஓங்குவதும் அங்கேதான். வாங்கிக் கொடுத்தால், "இவ்வளவு சத்தமாக அழுதால்தான் கிடைக்கும்" என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். நாளை நேராக அந்த அளவிலேயே தொடங்கும். உச்சம் வரும் என்று முன்பே தெரிந்தவருக்கு அதைக் கடக்கத் தெம்பு இருக்கும். பிள்ளையைக் கடைக்கு வெளியே தூக்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "கோபமா இருக்கியா, தெரியுது" என்று ஒருமுறை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் செய்ய வேண்டியது. அழுகையின் நடுவே உபதேசம் காதில் ஏறாது. இதைவிட மலிவான வேலை கடைக்குள் நுழைவதற்கு முன்பே உண்டு: "இன்னிக்கு அரிசியும் சோப்பும் மட்டும்தான். நீதான் கூடை பிடிக்கணும்."

தனியே உட்கார வைக்கும் முறையை நிறையப் பேர் தவறாகச் செய்கிறார்கள். அது மூன்றிலிருந்து எட்டு வயதுவரை, அடிப்பது, கடிப்பது, பொருளை எறிவது போன்றவற்றுக்கு மட்டும். இடம் கண்ணில் படும் ஒரு மூலையில் நாற்காலி. பாத்ரூம், இருட்டறை, வாசலுக்கு வெளியே எதுவும் ஆகாது. நேரம் இரண்டு முதல் ஐந்து நிமிடம். நீட்டினால் பலன் கூடாது. "கடிச்சதால மூணு நிமிஷம் இங்க" என்று ஒரே வாக்கியம். முடிந்ததும் முடிந்ததுதான், அதைப் பற்றி மறுபடி பேச்சில்லை. மற்ற நேரத்தில் பெற்றோரின் கவனமே கிடைக்காத வீட்டில் இது பலிக்காது. எழுந்து வந்து உங்கள் மடியில் உட்கார வேண்டும் என்ற ஆசை பிள்ளைக்கு இருந்தால்தான் மூலையில் உட்காருவதற்கு அர்த்தம்.

தண்டனையாக எதையாவது எடுத்துக்கொள்வதானால் சின்னதாக, சம்பந்தப்பட்டதாக, அன்றே முடிவதாக இருக்கட்டும். தண்ணீரைக் கொட்டினால் துடைப்பது. சைக்கிளை ரோட்டில் விட்டால் இன்று மாலை சைக்கிள் இல்லை. "ஒரு மாசம் விளையாடவே கூடாது" என்பது மூன்றாம் நாள் பெற்றோராலேயே கைவிடப்படும். பிறகு அடுத்த வார்த்தைக்கும் மதிப்பிருக்காது. பாட்டி தாத்தா உள்ள வீட்டில் எல்லா விதியிலும் எல்லோரையும் ஒத்துப்போகச் சொல்ல முடியாது. "யாரும் கை ஓங்குவதில்லை" என்ற ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டால், மற்றதில் பாட்டி கொஞ்சம் செல்லம் கொடுத்தாலும் குடி முழுகிவிடாது.

கோபம் தலைக்கேறும்போது பெரியவருக்கும் ஒரு படி வேண்டும். "எனக்குக் கோபமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வந்து பேசுறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி அறையை விட்டு நகர்வது தோல்வியல்ல, பிள்ளைக்கு அது நேரடிப் பாடம். கைக்குழந்தை விடாமல் அழுது பொறுமை போனால், தொட்டிலிலோ பாயிலோ பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

மாற்று என்று நம்பப்படும் வேறு அடிகள்

பிரம்பை விட்ட பள்ளிகளில் அதன் இடத்துக்கு வந்து உட்காருபவை உண்டு: முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, தோப்புக்கரணம், வகுப்புக்கு வெளியே நாள் முழுக்க நிற்க வைப்பது, சாதியைச் சொல்லியோ அப்பாவின் தொழிலைச் சொல்லியோ திட்டுவது, கறுப்பு, குண்டு என்று பட்டப்பெயர் வைப்பது, டி.சி. கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுவது. தேசிய ஆணையத்தின் நெறிமுறைகள் உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல், பாகுபாடு என்ற மூன்றையும் ஒரே தட்டில்தான் வைக்கின்றன. கிளாஸ் லீடர் கையில் ஸ்கேலைக் கொடுத்துப் பெயர் எழுத வைப்பது இதில் மிக மோசம். வன்முறையைப் பிள்ளைகளுக்கே ஒப்படைக்கும் ஏற்பாடு அது.

சில பெற்றோரே பள்ளிக்கு வந்து "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்பார்கள். பெற்றோரின் சம்மதம் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை ரத்து செய்யாது. வீட்டுக்குள் விழும் அடியை முழுதாகத் தடை செய்யும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 89-ஆம் பிரிவாக இருந்து இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 27 ஆகியிருக்கும் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நலனுக்காகக் காப்பாளர் நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் கொடுமை என்ற எல்லையைத் தொட்டால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு பாயும். ஸ்வீடன் 1979-இல் வீட்டு அடியையும் தடை செய்தது. உலகில் அதுதான் முதல் நாடு. தடையோடு நிற்காமல் வீடுதோறும் கையேடு அனுப்பியது, பால் பாக்கெட்டிலும் செய்தியை அச்சிட்டது. தெற்காசியாவில் முழுத் தடையைக் கொண்டுவந்த முதல் நாடு நேபாளம், 2018-இல்.

பிள்ளை அடிவாங்கி வந்தால் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அதன் வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு எழுதி வைப்பது. தழும்பைப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். காதில் வலியோ இரைச்சலோ, தலையில் அடியோ, வாந்தியோ இருந்தால் அன்றே மருத்துவமனை. பிறகு தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் ஒரு நகல். அங்கே நகராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. புகாருக்குப் பின் அந்தப் பிள்ளையை வகுப்பில் ஒதுக்குகிறார்களா என்று மூன்று நான்கு வாரமாவது கவனிக்க வேண்டும். பழிவாங்கல் பெரும்பாலும் அந்த வடிவில்தான் வரும்.

தனி ஆசிரியர் ஒருவர் மாறுவதைவிடப் பள்ளியே மாறுவது எளிது. உகாண்டாவின் லுவேரோ மாவட்டத்தில் 42 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனை இதற்கு நல்ல சான்று. அங்கே தயாரான ஒரு பயிற்சித் தொகுப்பைப் பாதிப் பள்ளிகளுக்குக் கொடுத்து, ஆசிரியர், மாணவர், நிர்வாகம் மூவரையும் சேர்த்து 18 மாதம் வேலை செய்தார்கள். முடிவில், "கடந்த வாரம் பள்ளியில் அடி வாங்கினேன்" என்று சொன்ன பிள்ளைகள் மற்றப் பள்ளிகளில் 49 சதவீதம், பயிற்சி நடந்த பள்ளிகளில் 31. பாதிகூடக் குறையவில்லையே என்று தோன்றலாம். ஒன்றரை ஆண்டில் ஒரு பள்ளியின் பழக்கம் அந்த அளவு மாறியது பெரிய விஷயம். பத்துப் பதினைந்து ஆசிரியர் உள்ள ஒரு பள்ளி இதைத் தொடங்க நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வாரம் ஒருமுறை ஆசிரியர் அறையில் இருபது நிமிடம் உட்கார்ந்து, அந்த வாரம் கை ஓங்கத் தோன்றிய ஒரு சம்பவத்தை எடுத்து, அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது, அடுத்த முறை அந்த ஐந்து நிமிடத்தில் எதை மாற்றலாம் என்று மட்டும் பேச வேண்டும். பேசுபவரைக் குறை சொல்வதில்லை என்பது விதி. ஒரே பையன் பெயர் மூன்று வாரம் வந்தால், அவனுக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் சாப்பிட்டு வருகிறானா என்று பார்க்கும் பொறுப்பை ஒரு ஆசிரியர் ஏற்க வேண்டும். யாராவது கை தவறி அடித்துவிட்டால், அன்றைய வகுப்பு முடிவதற்குள் அந்தப் பிள்ளையிடம் "நான் அடிச்சது தப்பு" என்று சொல்லிவிட்டு, "ஆனா நீயும்..." என்ற வால் ஒட்டாமல் அங்கேயே நிறுத்திக்கொண்டு, தலைமையாசிரியருக்கும் வீட்டுக்கும் தாமே தகவல் சொல்ல வேண்டும். அடி வாங்கிய காரணத்தைப் பற்றிய பேச்சை மறுநாள் தனியாக வைத்துக்கொள்ளலாம்.